கொடைக்குக் கணக்கு வாசித்தோம், மருந்துக்கு வாசிக்கவில்லை: தாராவி மருத்துவ உதவி அறக்கட்டளை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மும்பை தாராவியில் எங்கள் தெரு அம்மன் கோவில் கொடை (வருஷத் திருவிழா) முடிந்து எட்டாம் நாள் கணக்கு வாசிப்பார்கள். பூவுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, வில்லுப்பாட்டுக்காரர்களுக்கு ரயில் டிக்கெட் இவ்வளவு, பந்தல், கரண்டு, கடைசியில் மிச்சம் என்று எல்லாம் மைக்கில் வரும். கொடைக்கு வரி கொடுத்தவர் யாராக இருந்தாலும் எழுந்து கேட்கலாம். தோல் பட்டறை வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த வழக்கம் இது.

சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு வாசிப்பு முடிந்ததும் ஒரு அம்மா எழுந்தார். "கொடைக் கணக்கு சரியா இருக்கு அண்ணாச்சி. கொரோனா நேரத்துல நம்ம அறக்கட்டளைக்கு நாலு ஆக்ஸிஜன் மெஷின் வந்துச்சே, அது இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார். கோவிலுக்கும் மருத்துவ அறக்கட்டளைக்கும் பொருளாளர் ஒருவர்தான். "இருக்கும்மா தங்கச்சி" என்றார். எங்கே என்று சொல்ல அவரால் முடியவில்லை. ஒரு வாரத்துக்குள் "மெஷினை வித்துட்டாங்களாம்" என்ற பேச்சு 90 அடி சாலை முழுக்கப் போய்விட்டது.

நான் சயானில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள், இந்தத் தெருவில் வளர்ந்தவள். நிர்வாகக் குழு என்னையும், ஓய்வுபெற்ற முனிசிபல் நர்ஸ் அக்கா ஒருவரையும், பள்ளி ஆசிரியர் ஒருவரையும் சேர்த்து மூன்று பேரைக் கணக்குப் பார்க்கச் சொன்னது. நாங்கள் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அறக்கட்டளையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எல்லாப் புத்தகங்களையும் புரட்டிய பிறகும், ஒரு ரூபாய்கூட யாருடைய பைக்குள்ளும் போனதற்கு எங்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதவேண்டும் என்று தோன்றியது. திருட்டு என்றால் போலீஸ் ஸ்டேஷனோடு கதை முடிந்திருக்கும். நேர்மையான ஆட்கள் நடத்திய ஒரு நல்ல காரியம் எப்படி ஊர் நம்பிக்கையை இழந்தது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

அறக்கட்டளை எப்படி நடந்தது

ஒரு சாலின் (வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பின்) கீழ்த்தளத்தில் ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ஒருவர் வந்து இலவசமாகப் பார்ப்பார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை. டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் கொஞ்சம் பண உதவி. சக்கர நாற்காலி, வாக்கர், ஆக்ஸிஜன் மெஷின் இரவல். பணம் வந்தது வீட்டுக்கு வீடு கொடுக்கும் மாதச் சந்தாவிலும், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கிற வசதியான தமிழர்கள் தந்த நன்கொடையிலும்.

மகாராஷ்டிராவில் இப்படி ஒரு சங்கத்துக்கு இரண்டு பதிவு உண்டு. 1860-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தில் ஒன்று. 1950-ஆம் ஆண்டு பம்பாய் பொது அறக்கட்டளைச் சட்டத்தில் இன்னொன்று. அந்தச் சட்டத்துக்கு இப்போது மகாராஷ்டிரா பொது அறக்கட்டளைச் சட்டம் என்று பெயர். இரண்டாவது பதிவில்தான் 'எஃப்' என்று தொடங்கும் எண் கிடைக்கும். அதன்பிறகு சாரிட்டி கமிஷனர் என்ற அரசு அதிகாரியின் கண்காணிப்பு வந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது புதிதாக இருக்கும். மருத்துவ உதவிக்கான அறக்கட்டளையைக்கூட இப்படிக் கண்காணிக்கிற அரசு அதிகாரி ஒருவர் அங்கே கிடையாது. இங்கே வொர்லியில் அதற்கென்று ஒரு கட்டடமே இருக்கிறது.

ஆக, சட்டம் இருந்தது, அலுவலகம் இருந்தது, ஆடிட்டர் இருந்தார். வருஷா வருஷம் கணக்கும் தாக்கலாகியிருந்தது.

நாலு மெஷின்

முதலில் மெஷினைத் தேடினோம். 2021 ஏப்ரல், மே மாதங்களில் சயான் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காமல் மக்கள் தவித்தபோது நன்கொடையாக வந்த, நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் ஆக்ஸிஜன் தரும் கான்சென்ட்ரேட்டர்கள் அவை. அந்த நாட்களில் நம் பொருளாளர் அண்ணாச்சி ராத்திரி இரண்டு மணிக்குக்கூடத் தோளில் மெஷினைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடினார். அதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருவர் வாங்கிப்போவார், ஒருவர் திருப்பித் தருவார், திரும்பி வந்த மெஷின் அறைக்குள் வருவதற்குள் அடுத்தவர் வாசலில் நிற்பார். யார் பெயரையும் எழுத அப்போது நேரமில்லை. அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். அலை ஓய்ந்த பிறகும் எழுதாமல் விட்டதுதான் குறை.

முதல் மெஷின் அறையிலேயே, பழைய பேனர்களுக்கு அடியில் இருந்தது. இரண்டாவது, பழுதாகி அண்ணாச்சியின் வீட்டுப் பரண்மேல் கிடந்தது. வேண்டாதவர்கள் சொன்ன "வீட்டுக்குக் கொண்டுபோயிட்டார்" என்ற பேச்சுக்கு இதுதான் விதை. பழுது பார்க்கக் கொண்டுபோனதற்கு ஒரு துண்டுச் சீட்டு இருந்திருந்தால் அந்தப் பேச்சு முளைத்திருக்காது. மூன்றாவது, நுரையீரல் நோயாளி ஒருவர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பம் வாடகை தாங்காமல் கல்வா பக்கம் போயிருந்தது. ஒரு பழைய போன் நம்பரை வைத்து நர்ஸ் அக்கா கண்டுபிடித்தார். "யாருமே கேக்கலியேன்னு நாங்களே வெச்சிருந்தோம் அக்கா" என்றார்கள். நாலாவது கிடைக்கவே இல்லை. இன்றுவரை இல்லை.

வொர்லியில் கிடைத்த காகிதம்

இளைஞர்கள் சிலர் நேராக அறக்கட்டளைக்கே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடவேண்டும் என்றார்கள். அது நேராகச் செல்லாது. அரசிடம் கணிசமாக நிதி பெறும் தொண்டு நிறுவனங்களும் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2019-இல் டிஏவி கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் அறக்கட்டளை அரசிடம் ஒரு பைசா வாங்கியதில்லை. ஆனால் சாரிட்டி கமிஷனர் அலுவலகம் அரசு அலுவலகம். அங்கே தாக்கலான கணக்கின் நகலைக் கட்டணம் கட்டிக் கேட்கலாம். வேறு தகவல் வேண்டுமானால் 10 ரூபாய் கட்டி மனு எழுதலாம். மகாராஷ்டிராவில் மனு 150 சொல்லுக்குள் இருக்கவேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. நாங்கள் நகலுக்கு விண்ணப்பித்தோம். இரண்டு மூன்று நடை நடந்த பிறகு கிடைத்தது.

அந்தக் காகிதங்களைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பொது அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆடிட்டர் தரும் அறிக்கையில் வரவு செலவோடு சேர்த்து ஒரு கேள்விப் பட்டியலும் இருக்கும். அசையும், அசையாச் சொத்துகளின் பதிவேடு ஒழுங்காக இருக்கிறதா? தணிக்கை அன்று கையிருப்பு ரொக்கமும் வவுச்சரும் கணக்கோடு ஒத்துப்போனதா? கூட்டங்கள் முறையாக நடந்து நிகழ்ச்சிக் குறிப்பு எழுதப்பட்டதா? அறங்காவலர் யாராவது அறக்கட்டளைக்குக் கடன் கொடுத்தவராகவோ கடன் பட்டவராகவோ இருக்கிறாரா? எழுபது வருஷத்துக்கு முன் யாரோ நன்றாக யோசித்து எழுதிய கேள்விகள். எங்கள் அறக்கட்டளையின் எல்லா வருஷத்து அறிக்கையிலும் சொத்துப் பதிவேடு பற்றிய கேள்விக்கு 'ஆம்' என்றே பதில் இருந்தது. அப்படி ஒரு பதிவேடு அந்த அறையில் ஒருநாளும் இருந்ததில்லை. போன வருஷத்து அறிக்கையைப் பார்த்து இந்த வருஷத்து அறிக்கையைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். நானும் அதே தொழிலில் இருக்கிறவள் என்பதால் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த ஒற்றை 'ஆம்' பொய்யாக இல்லாமல் இருந்திருந்தால், மெஷின் வந்த வருஷமே நாலும் ஒரு நோட்டில் ஏறியிருக்கும்.

அடுத்தது அறங்காவலர் பட்டியல். அறங்காவலர் ஒருவர் மாறினால் 90 நாளுக்குள் மாற்ற அறிக்கை கொடுக்கவேண்டும். அது ஏற்கப்பட்டால்தான் அரசுப் பதிவேட்டில் பெயர் மாறும். எங்கள் பதிவேட்டில் இருந்த பெயர்களில் இரண்டு பேர் இறந்துபோனவர்கள். அவர்களுக்குப் பதிலாக வந்தவர்கள் ஊரறிய வேலை செய்துகொண்டிருந்தார்கள், சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் யாருமே இல்லை. இதனால் வங்கியிலும் கையெழுத்து மாறவில்லை. மிச்சமிருந்த தலைவர் ஊருக்குப் போகும்போதெல்லாம் தொகை எழுதாத காசோலைகளில் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போவார். அந்தக் காசோலைப் புத்தகம் எங்கள் கையில் கிடைத்தபோது ஆசிரியர் ஒரு நிமிஷம் பேசவே இல்லை. எதுவும் தவறாகப் போகவில்லை என்பது நம் நல்ல காலம்.

கணக்கைத் தாக்கல் செய்யாமலே இருக்கும் அறங்காவலர்களை நீக்க இந்தச் சட்டத்தில் 41-டி பிரிவு இருக்கிறது. எங்கள் கணக்கு நேரத்துக்குத் தாக்கலானதால் அந்தப் பிரிவு எங்கள் பக்கமே வந்திருக்காது. வொர்லிக்கு ஒழுங்காகப் போன கணக்கு, வொர்லியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிற எங்கள் தெருவுக்கு வரவில்லை. மாதம் 50 ரூபாய் கொடுத்த ஒருவருக்கும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. ஆங்கிலத்தில் அச்சான நாலு தாள், ஒரு ஆபீசிலிருந்து இன்னொரு ஆபீசுக்கு, அவ்வளவுதான்.

வருமான வரிப் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 ஏப்ரலிலிருந்து எல்லா அறக்கட்டளைகளும் 12ஏ (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிவிலக்கு) பதிவை மறுபடி வாங்கவேண்டும் என்று விதி வந்தது, கெடுவும் பலமுறை நீட்டப்பட்டது. எங்களுடையது புதுப்பிக்கப்படவே இல்லை. ரசீதில் மட்டும் பழைய 80ஜி எண் அச்சாகிக்கொண்டிருந்தது. அந்த ரசீதை நம்பி வரிவிலக்குக் கேட்ட ஒரு நன்கொடையாளருக்கு விலக்குக் கிடைக்கவில்லை. 2021-22 நிதியாண்டிலிருந்து, நன்கொடையாளர் விவரத்தை அறக்கட்டளை 10பிடி படிவத்தில் மே 31-க்குள் கொடுத்து, 10பிஇ சான்றிதழ் எடுத்துத் தரவேண்டும் என்றும் விதி வந்தது. வெறும் ரசீது போதாது என்றானது. ஒரு கம்பெனி சமூகப் பொறுப்பு நிதி தர வந்து, அந்த நிதியை வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவு இல்லை என்றதும் திரும்பிப் போனது.

மச்சான் கடை

மாத்திரைகள் எல்லாம் ஒரே மருந்துக்கடையில் வாங்கப்பட்டன. கடை ஒரு அறங்காவலரின் மச்சானுடையது. ஊருக்கே தெரிந்த விஷயம், யாரும் மறைக்கவில்லை. அவர் அச்சிட்ட விலைக்குமேல் ஒரு பைசா வாங்கியதில்லை, பல சமயம் கடனுக்கும் கொடுத்திருக்கிறார். ஆனால் அச்சிட்ட விலையே பிராண்டு மாத்திரையின் விலை. சர்க்கரைக்கான அதே மெட்ஃபார்மினும் ரத்த அழுத்தத்துக்கான ஆம்லோடிபினும் மத்திய அரசுத் திட்டத்தின் ஜன் ஔஷதி கடையில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கும். 2022 முதல் முனிசிபாலிட்டி திறந்த ஆப்லா தவாகானா என்ற இலவச மருத்துவ நிலையங்களில் காசே வேண்டாம். இன்னொரு கடையில் விலை கேட்டதாக ஒரு சீட்டுகூட இல்லை.

அறங்காவலரின் உறவினருக்குப் போகும் பணத்தை வருமான வரிச் சட்டம் தனியாகக் கவனிக்கும், வரிவிலக்கே போகக்கூடும். அதைச் சொன்னபோது கூட்டத்தில் கோபம் வந்தது. "எங்க குடும்பத்தைத் திருடன்னு சொல்றியா மா?" என்று அந்த அறங்காவலர் என்னைக் கேட்டார். "இல்லை மாமா, மூணு கடையில விலை எழுதி வாங்கியிருந்தா யாராலயும் அப்படிச் சொல்லவே முடியாதுன்னுதான் சொல்றேன்" என்றேன். அவர் அன்று சாப்பிடாமல் எழுந்து போனார். பிறகு அவரே மூன்று கடையின் விலைப் பட்டியலோடு வந்தார் என்பதையும் எழுதவேண்டும்.

சட்டம் வைத்திருந்த படுக்கைகள்

என்னை மிகவும் வருத்திய இடம் இதுதான். பொது அறக்கட்டளைகளாகப் பதிவான பெரிய ஆஸ்பத்திரிகள், படுக்கைகளில் 10 சதவீதத்தை வறியவர்களுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்கவேண்டும். பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41-ஏஏ பிரிவும், 2006-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்ற திட்டமும் இதைச் சொல்கின்றன. மற்ற நோயாளிகளின் பில் தொகையில் 2 சதவீதம் வறிய நோயாளர் நிதிக்குப் போகவேண்டும். அவசரமாக வரும் ஏழை நோயாளியிடம் முன்பணம் கேட்கக்கூடாது. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கையில் இருந்தால், ஆஸ்பத்திரியின் சமூக சேவகரைப் பார்த்து இதைக் கேட்டு வாங்கலாம்.

எங்கள் அறக்கட்டளை அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளின் பில்லுக்கே பல முறை காசோலை கொடுத்திருக்கிறது. ஏழைக் குடும்பம் பில்லோடு வந்து நிற்கும், குழு மனமிரங்கிப் பணம் கொடுக்கும். சட்டப்படி அந்த ஆஸ்பத்திரியே செய்யவேண்டிய செலவு, எங்கள் தெருவின் 50 ரூபாய்ச் சந்தாவிலிருந்து போனது. ஒரு பைசா வித்தியாசம் இல்லாத வவுச்சர்கள் அவை, எந்த ஆடிட்டரும் குறை சொல்லமுடியாது. பணத்தை எப்படிச் செலவு செய்தோம் என்பதற்குப் பதில் இருந்தது. செலவு செய்திருக்கவே வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. நர்ஸ் அக்கா அந்தப் பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, "இது இலவசமா கிடைச்சிருக்கும்... இதுவும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பணத்தில் எத்தனை பேருக்கு டயாலிசிஸ் உதவி கொடுத்திருக்கலாம் என்று அவர் கேட்கவில்லை. மூன்று பேர் மனதிலும் அதுதான் ஓடியது.

பேனரில் வந்த முகம்

வெளிப்படைத்தன்மை என்றதும் இளைஞர்கள் உடனே சொன்ன யோசனை, உதவி பெற்றவர்களின் பெயரையும் படத்தையும் பலகையில் போடுவது. இதற்கு நான் உறுதியாக நின்று மறுத்தேன். ஏற்கெனவே ஒரு ஆண்டு விழாவில் அப்படி ஒரு பேனர் வைத்திருந்தார்கள். டிபி மருந்தோடு சத்துணவுப் பை வாங்கிய ஒரு பெண்ணின் முகம் அதில் தெளிவாகத் தெரிந்தது. அவர் மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் அந்த மாதமே நின்றது. அதன்பிறகு அந்த அம்மா அறைப்பக்கம் வரவில்லை. எச்ஐவி நிலையை ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. டிபிக்கும் அதே மரியாதையைக் கொடுக்க நமக்குச் சட்டம் சொல்லித்தர வேண்டியதில்லை. பணமும் முடிவும்தான் வெளியே தெரியவேண்டும், நோயாளியின் முகம் தெரியவேண்டாம் என்று முடிவானது.

என்ன மாறியது

மாற்ற அறிக்கை தாமதத்துக்கான விளக்கத்தோடு தாக்கலாகியிருக்கிறது, விசாரணைத் தேதிகள் நகர்ந்துகொண்டிருக்கின்றன. தொகை எழுதாத காசோலைகளை எல்லார் முன்பும் கிழித்தோம். ஒவ்வொரு சாமானுக்கும் பெயிண்டில் எண் எழுதி, இரவல் நோட்டில் வாங்குபவரின் கையெழுத்தும், இரண்டு போன் நம்பரும், திருப்பவேண்டிய தேதியும் எழுதுகிறோம். ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள் எண் வரிசையில் ஆசிரியரிடம் இருக்கின்றன. விண்ணப்பங்களுக்குப் பெயருக்குப் பதில் வரிசை எண். எந்த எண்ணுக்கு எவ்வளவு கொடுத்தோம், எதை மறுத்தோம், ஏன் என்று மாதம் ஒருமுறை அறை வாசலில் தமிழில் ஒட்டுகிறோம். பில்லோடு யார் வந்தாலும் முதலில் நர்ஸ் அக்காவிடம் போவார்கள், 10 சதவீதப் படுக்கைக்கு வழி இருக்கிறதா என்று அவர் பார்ப்பார்.

அப்புறம், கொடைக் கணக்கு வாசித்த அதே இடத்தில், அதே மைக்கில், அறக்கட்டளைக் கணக்கையும் வாசித்தோம். நாலாவது மெஷின் இடத்தில் "காணவில்லை, பொறுப்பு நிர்வாகக் குழு" என்று வாசித்தபோது ஒரு சத்தமும் இல்லை. யாரும் ஏசவில்லை.

பொருளாளர் அண்ணாச்சி அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அதற்கு முன்பே விலகிவிட்டார். "நான் தூக்கிட்டு ஓடுனது பொய்யா தாயி?" என்று என்னிடம் கேட்டார். பொய்யில்லை என்று சொன்னேன், ஆனால் அதை நிரூபிக்க என்னிடமும் ஒரு தாள் இல்லை. இரண்டு முறை வீட்டுக்குப் போய்த் திரும்ப அழைத்தோம். மறுத்துவிட்டார். இந்த ஆய்வில் எங்களால் சரிசெய்ய முடியாமல் போனது இது.

கேள்வி கேட்ட அம்மா அன்றைய வாசிப்புக்கு வந்திருந்தார். முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சேலைத் தலைப்பில் முடிந்துவைத்திருந்த ஒரு தாளைக் காட்டினார். அவர் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் உதவி கேட்டுக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல். வாங்கிக்கொண்டதற்கு அறக்கட்டளையின் முத்திரை இருந்தது. பதில் வரவில்லை. இரண்டு முறை வந்து கேட்டபோது "பாக்கிறோம்" என்றிருக்கிறார்கள். வீட்டுக்காரர் இப்போது உயிரோடு இல்லை. "மெஷினு எனக்கு எதுக்கு மா? இதைக் கேக்க வாய் வரல, அதனால அதைக் கேட்டேன்" என்றார்.

நிகழ்ச்சிக் குறிப்புப் புத்தகத்தை மறுபடி முழுக்கப் பார்த்தோம். அந்த அம்மாவுக்கு எழுத்தில் பதில் கொடுப்பது என்று குழு தீர்மானித்திருக்கிறது. கடிதத்தை எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. இதுவரை ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறேன்: "உங்கள் விண்ணப்பம் எந்தக் கூட்டத்திலும் வைக்கப்படவில்லை."